3 ஆஸ்பத்திரி, ஒரே வைத்தியம்! ரத்தப் புற்றுநோயை விரட்டிய கூட்டு முயற்சி

ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தை பிழைக்காது. 1970-களில் நம் நாட்டு நிலைமை ஏறக்குறைய இதுதான். பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், நோய் திரும்பாமல் தப்பியவர்கள் 100-க்கு 20 பேர்கூட இல்லை.

இதை மாற்றியது புது மந்திரம் எதுவும் அல்ல. 3 ஆஸ்பத்திரிகள் கைகோர்த்தன. அவ்வளவுதான்!

ஒரே அட்டவணை

சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி, மும்பை டாடா ஆஸ்பத்திரி, டெல்லி எய்ம்ஸ் ஆகியவைதான் அந்த மூன்றும். அடையாறில் டாக்டர் சாந்தா, மும்பையில் டாக்டர் அத்வானி முன்னே நின்றார்கள். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் இயான் மக்ராத் துணைக்கு வந்தார்.

ஆளுக்கொரு வைத்தியம் செய்தால், எது பலித்தது என்று எப்படித் தெரியும்? அதனால் ஒரே அட்டவணை போட்டார்கள். எந்த மருந்து, எந்த நாள், எவ்வளவு? எல்லாம் ஒன்றே. அதற்கு "எம்.சி.பி. 841" என்று பெயர். 1984-ல் இருந்து இந்த முறையில் சிகிச்சை நடந்தது.

காய்ச்சல், கிருமித் தொற்று வந்தால் கவனிப்பது, ரத்தம் ஏற்றுவது போன்ற வசதிகளும் பெருகின.

பலன்? 4 ஆண்டு கழிந்தும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 100-க்கு 45 முதல் 60 பேர். 1990 முதல் 1997 வரை சிகிச்சை பெற்ற 1,048 பேரின் விவரமும் 2005-ல் வெளியானது. குழந்தைகளும் 25 வயதுக்குட்பட்ட இளைஞர்களும் இதில் அடக்கம்.

பாதியில் நிறுத்தினால் ஆபத்து

ஆனால் ஒரு பெரிய வில்லன் உண்டு. முதல் மாத மருந்திலேயே பெரும்பாலான பிள்ளைகளுக்கு நோய் அடங்கிவிடும். பிள்ளை ஓடி விளையாடும். "குணமாகிவிட்டது" என்று பெற்றோர் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். போக்குவரத்துச் செலவு ஒரு பக்கம், போகும் கூலி ஒரு பக்கம். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் எலும்பு மஜ்ஜையில் நோய் பதுங்கியிருக்கும். திரும்பி வந்தால் அடக்குவது கஷ்டம். முழுச் சிகிச்சைக்கு 2 ஆண்டுக்கு மேல் ஆகும். கடைசி மாத்திரை வரை விடக்கூடாது.

2030-க்குள்...

கூட்டு முயற்சி நிற்கவில்லை. 2016-ல் கொல்கத்தா, சண்டிகர் ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து புது ஆராய்ச்சி தொடங்கின. வசதியான நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். 2030-க்குள் உலகம் முழுவதும் 60 பேராவது பிழைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் இலக்கு வைத்தது.

பெற்றோர் கவனத்துக்கு

விடாத காய்ச்சல், வெளிறிய முகம், அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டு, எலும்பு வலி, கழுத்தில் கட்டி... இவை இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். எல்லாமே புற்றுநோய் ஆகிவிடாது. பயம் வேண்டாம்.

பணம் இல்லையே என்று வீட்டில் உட்கார்ந்துவிடவும் வேண்டாம். தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் உண்டு. ரேஷன் கார்டோடு போய் விசாரிக்கலாம்.