மூன்று வார லீவு, மூன்று மாத எலும்பு

மார்கழி சீசனுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் பலருக்கு இப்போது இரண்டு வேலை. சாயங்காலம் சபா, காலையில் பல் டாக்டர். மயிலாப்பூர், தி. நகர், அடையார் பக்கம் "இம்ப்ளான்ட்" என்ற போர்டு இல்லாத பல் கிளினிக்கைப் பார்ப்பது கஷ்டம். நியூ ஜெர்ஸியில் இருக்கும் என் பெரியம்மா பையன் போன மாசம் போனில் கேட்டான்: "மூணு வாரம் லீவு இருக்கு. ரெண்டு இம்ப்ளான்ட், ஒரு கேப். எல்லாத்தையும் முடிச்சிட்டு வந்துடலாமா?" அதற்காகப் படித்துச் சேர்த்த குறிப்புகள் இவை.

பண விஷயத்தை சீக்கிரம் முடித்துவிடலாம். அமெரிக்காவில் ஒரு இம்ப்ளான்ட்டும் மேலே கிரவுனும் சேர்த்து 3,000 முதல் 5,000 டாலர் ஆவது சாதாரணம். அங்கே பல பல் இன்ஷூரன்ஸ்களின் வருஷ உச்சவரம்பே 1,000, 2,000 டாலர்தான். இங்கிலாந்தில் என்.எச்.எஸ். மூலம் இம்ப்ளான்ட் கிடைப்பது அபூர்வம். விபத்து, வாய்ப் புற்றுநோய் மாதிரியான காரணங்களால் பல் இழந்தவர்களுக்குக் கிடைக்கலாம். சென்னையில் அதே வேலை சில பத்தாயிரம் ரூபாயில் முடியும். லாபம்தான், சந்தேகமில்லை. இடிப்பது காலண்டர்.

கேப் என்று நாம் சொல்லும் கிரவுனுக்கு லீவு போதும். இருக்கிற பல்லைச் செதுக்கி, அளவெடுத்து, லேபில் ஜிர்கோனியாவிலோ உலோகத்தின்மேல் பீங்கான் பூசியோ செய்து ஒட்டுவார்கள். வேர் சிகிச்சை தேவைப்பட்டாலும் இரண்டு வாரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும்.

இம்ப்ளான்ட் வேறு ஜாதி. அது தாடை எலும்புக்குள் போகும் டைட்டானியம் திருகு. 1952-ல் ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற ஆராய்ச்சியாளர், எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக முயலின் காலில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். வேலை முடிந்து கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவருடைய தாடையில் முதல் தடவையாகப் பல்லுக்காகப் பொருத்தினார். லார்சன் 2006-ல் காலமாகும்வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அந்த இம்ப்ளான்ட்டுகள் வேலை செய்தன. ஆக, ஒழுங்காகப் பிடித்தால் ஆயுசுக்கும் நிற்கக்கூடிய சமாச்சாரம். அந்தப் "பிடித்தால்" என்பதில்தான் எல்லாம் இருக்கு.

திருகு போட்ட அன்றைக்கு அது நிற்பது வெறும் இறுக்கத்தால். மரத்தில் ஸ்க்ரூ நிற்கிற மாதிரி. அப்புறம் உடம்பு தன் வேலையை ஆரம்பிக்கும். துளை போட்ட இடத்தில் அடிபட்ட பழைய எலும்பை முதலில் கரைக்கும், பிறகு புது எலும்பை வளர்க்கும். பழையது கரைந்து புதுசு இன்னும் கெட்டியாகாத இடைவெளி ஒன்று உண்டு. அது ஏறக்குறைய மூன்றாவது, நாலாவது வாரம். அதாவது நம்ம ஆள் ஊரிலிருந்து கட்டிக்கொடுத்த முறுக்கோடு ஃப்ளைட் ஏறுகிற நேரம். இம்ப்ளான்ட் பார்க்க ஸ்ட்ராங்காகத் தெரியும், வலியும் இருக்காது, ஆனால் பிடிப்பு மிகக் குறைவாக இருக்கும் சமயம் அதுதான்.

பழைய கணக்கு கீழ்த்தாடைக்கு மூன்று மாசம், மேல்தாடைக்கு ஆறு மாசம். இப்போதைய சொரசொரப்பான இம்ப்ளான்ட்டுகளில், எலும்பு நன்றாக இருந்தால், ஆறு முதல் எட்டு வாரத்தில் பல் வைக்கிறார்கள். மேல் கடைவாயில் எலும்பு பற்றாமல் சைனஸ் பக்கம் எலும்பு நிரப்ப வேண்டியிருந்தால் இன்னும் சில மாசம் கூடும். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு எப்போது விமானம் ஏறலாம் என்பதை டிக்கெட் போடும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடணும்.

"ஒரே நாளில் பல்" விளம்பரம் பொய்யா? முழுப் பொய் இல்லை. லிஸ்பனில் பவ்லோ மாலோ பிரபலமாக்கிய முறையில், பல்லே இல்லாத தாடையில் நாலு இம்ப்ளான்ட் போட்டு, எல்லாவற்றையும் ஒரே பிரிட்ஜால் இணைத்துவிடுவார்கள். ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுப்பதால் அசையாது. ஆனால் அன்றைக்கு மாட்டுவது பொதுவாக அக்ரிலிக் தற்காலிகப் பல். நிரந்தரமானது சில மாசம் கழித்துத்தான். தனியாக நிற்கும் ஒரு கடைவாய்ப் பல்லுக்கு முட்டுக்கொடுக்க பக்கத்தில் யாரும் இல்லை. அதனால் இந்த முறையைக் காட்டி அதற்கும் அவசரப்படுத்தினால் எனக்குச் சந்தேகம் வரும்.

ஆக, இரண்டு பயணம். முதலில் ஸ்கேன், திருகு. அடுத்த லீவில் ஒரு வாரம், பத்து நாளில் கிரவுன். திருகு இங்கே, கிரவுன் அங்கே என்று பிரிக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே இருக்கிற இணைப்பு வேறு, அதற்கான ஸ்க்ரூடிரைவர் வேறு. ஸ்ட்ராமன், நோபல் பயோகேர், ஆஸ்டெம் மாதிரி உலகம் முழுக்க விற்கும் பிராண்டுக்கு உதிரி எங்கேயும் கிடைக்கும். பெயர் தெரியாத ஒன்றைப் போட்டுக்கொண்டு போனால், இரண்டு வருஷம் கழித்து ஒரு குட்டி ஸ்க்ரூ லூஸானாலும் அந்த ஊர் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து முழிப்பார்.

இம்ப்ளான்ட் வரும் டப்பாவில் கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் நம்பர் எல்லாம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி ஃபைலில் ஒட்டணும், போனிலும் போட்டோ எடுத்துக்கணும். அதேபோல, சிமென்ட்டால் ஒட்டும் கிரவுனா, ஸ்க்ரூவால் மாட்டுவதா என்றும் கேளுங்க. வெளிநாட்டில் இருப்பவருக்கு, முடிகிற இடத்தில், என் ஓட்டு ஸ்க்ரூவுக்கு. எந்த டாக்டரும் உடைக்காமல் கழற்றிப் பார்க்கலாம். தவிர, ஈறுக்கடியில் மிச்சமாகித் தங்கும் சிமென்ட், இம்ப்ளான்ட்டைச் சுற்றி வீங்கி எலும்பு கரைவதற்குத் தெரிந்த காரணங்களில் ஒன்று.

டாக்டர் விஷயத்தில் எம்.டி.எஸ். என்றால் போதாது, எந்தப் பிரிவு என்று கேட்கலாம். பல் கட்டுவது புராஸ்தோடான்டிக்ஸ். குழந்தைப் பல்லுக்கும் ஒரு எம்.டி.எஸ். உண்டு. தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பதும் தப்பில்லை. நம் பக்கத்தில் மறைக்கக் கூடாதவை: சர்க்கரை, சிகரெட், எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் மாத்திரை அல்லது ஊசி. மூன்றாவதைச் சொல்ல அம்மாக்கள் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். பல் டாக்டருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து. அந்த மருந்துகளில் சில, தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போவதோடு தொடர்புள்ளவை.

ஒரு தடவைதான் வர முடியும் என்பவருக்கு பிரிட்ஜ் இருக்கிறது. இரண்டு பக்கத்துப் பல்லையும் செதுக்கி நடுவில் ஒன்றைத் தொங்கவிடுவது, லீவுக்குள் முடியும். பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே கேப்போ பெரிய அடைப்போ இருந்தால் அதையே எடுத்துக்கலாம். அவை அப்பழுக்கில்லாத பற்கள் என்றால் நான் செதுக்க விடமாட்டேன். துருக்கிக்குப் போய் நல்ல பற்களையெல்லாம் குச்சியாக ராவி வரிசையாகக் கிரவுன் போட்டுக்கொண்டு வந்த பிரிட்டிஷ்காரர்கள் கதை ஏராளம். ராவிய எனாமல் திரும்ப வளராது. அப்படிப்பட்டவர் அடுத்த லீவு வரைக்கும் ஒரு கழற்றி மாட்டும் பல்லோடு ஓட்டலாம். செலவும் கம்மி, எதையும் கெடுக்காது.