ஸ்பூன் சொல்லும் கணக்கு... கிராமில் எவ்வளவு?

"உங்க மாமனாருக்கு பி.பி. ஜாஸ்தியா இருக்கும்மா. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புதான்" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிடுகிறார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாச்சு. அடுப்படியில் நிற்கும்போதுதான் உறைக்கிறது: 5 கிராம்னா எவ்வளவு? நம்ம கையில் தராசா இருக்கு? ஸ்பூனும் டம்ளரும்தானே!

ஸ்பூன், டம்ளர் எல்லாம் அளப்பது, பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை. அது மில்லி கணக்கு. டாக்டர் சொல்வதோ எடை. தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான். 1 மில்லி என்றால் 1 கிராம். மற்றதற்கு அப்படி இல்லை. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, அதனால்தான் மிதக்கிறது. 1 லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். மாவிலோ நடுநடுவே காற்று. அதனால் இன்னும் லேசு.

200 மில்லி டம்ளரில் தலை தட்டி அளந்தால் சுமாராக:

அரிசி, துவரம்பருப்பு, சர்க்கரை - 170 கிராம்
கோதுமை மாவு - 100 முதல் 110 கிராம்
எண்ணெய் - 180 கிராம்

சர்க்கரை வியாதிக்காரருக்கு வேளைக்கு 50 கிராம் அரிசி என்று டயட் சார்ட்டில் எழுதியிருந்தால், அது இந்த டம்ளரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதையே மாவு என்றால் அரை டம்ளர். 'எல்லாம் ஒரே அளவுதானே' என்று நினைத்தால் கணக்கு தப்பிவிடும்!

உங்க டம்ளர் 200 மில்லிதானா? சந்தேகமாக இருந்தால் சுலபமான வழி இருக்கிறது. அரை கிலோ ரவை வாங்கியதும் தலை தட்டி அளந்துகொண்டே டப்பாவில் கொட்டுங்கள். 500-ஐ டம்ளர் எண்ணிக்கையால் வகுத்தால், உங்க வீட்டு டம்ளருக்கு எத்தனை கிராம் ரவை என்று தெரிந்துவிடும். ஸ்பூனுக்கு, டானிக் பாட்டிலோடு வரும் அளவு மூடி போதும். அதில் 5 மில்லி தண்ணீர் எடுத்து ஸ்பூனில் ஊற்றிப் பாருங்கள். சரியாக நிரம்பினால் அது டீஸ்பூன்.

இப்போ உப்புக்கு வருவோம். தூள் உப்பு, தலை தட்டிய ஒரு டீஸ்பூன் 5 முதல் 6 கிராம். அதாவது, மாமனாருக்கு ஒரு நாள் முழுவதற்குமே ஒரு டீஸ்பூன்கூடக் கிடையாது! குவித்து எடுத்தால் ஒன்றரை மடங்கு ஆகிவிடும். கல் உப்பில் இடைவெளி அதிகம் என்பதால் எடை குறையும். கல் உப்பிலிருந்து தூள் உப்புக்கு மாறியவர்கள் பழைய ஸ்பூன் கணக்கையே வைத்திருந்தால், தெரியாமலேயே உப்பு ஏறியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு சேர்க்கச் சொல்கிறது. நாலு பேர் உள்ள வீட்டில் மாதத்துக்கு 600 கிராம். உங்க வீட்டில் சமையலுக்கே மாதம் 1 கிலோ பாக்கெட் காலியாகிறதா? அப்படியென்றால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. கடை ஊறுகாய், சிப்ஸ், பிஸ்கெட்டில் உள்ள உப்பு தனி!

நாளைக்கே ஒன்று செய்யுங்கள். காலையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் அன்றைக்கு வீட்டுக்கு வேண்டிய உப்பை அளந்து வையுங்கள். சாம்பார், பொரியல், இட்லி மாவு எல்லாமே அதிலிருந்துதான். ராத்திரி சமையலுக்குள் கிண்ணம் காலியா? உங்க கை தாராளம் என்று அர்த்தம்!