பிரதியும் அனுமதியும்

கணினியில் ஒரு கோப்பைப் பிரதி செய்வது ஒரு வேலை. அதனை எவர் வாசிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என வரையறுப்பது மற்றொரு வேலை. இரண்டும் தனித்தனியே நடைபெறின், இடைப்பட்ட கணத்தில் இரகசியக் கோப்பைப் பிறர் வாசித்துவிடக்கூடும்.

1983இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகம் வெளியிட்ட யுனிக்ஸ் பதிப்பில் இடம்பெற்ற ‘இன்ஸ்டால்’ என்னும் கட்டளை இவ்விரண்டையும் ஒருங்கே செய்கிறது. லினக்ஸில் வழங்கும் அதன் வடிவம், பிரதியை முதலில் உடையவர்க்கு மட்டும் உரியதாக்கி, பின்னரே குறித்த அனுமதியை அளிக்கும்.

வாசித்தற்கு 4, எழுதுதற்கு 2, இயக்குதற்கு 1 என்பது கணக்கு. உடையவர், குழுவினர், ஏனையோர் என்னும் வரிசையில் மூன்று இலக்கங்கள் அமையும். 600 எனின் உடையவர் வாசிக்கலாம், எழுதலாம், மற்றையோர்க்கு அனுமதியில்லை. எதுவும் குறிக்காவிடின் 755 தானே அமையும். அப்போது எவரும் வாசிக்கலாம். ஆதலால், இரகசியக் கோப்பை வைப்போர் அவ்வெண்ணைக் குறிக்க மறத்தலாகாது.