பயிர்க் காவல் துப்பாக்கியைக் குட்டையாக்கலாமா?

மலையடிவார ஊர்களில் கடலையும் மரவள்ளியும் போட்டிருக்கும் விவசாயிகள் சிலர், பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது குழலின் வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டித்துச் சுடும் நீளமான துப்பாக்கி. பரணில் ஏறி இறங்கவும், இரவில் வேலிக்குள் நுழையவும் அந்த நீளம் இடைஞ்சல்தான். பின்கட்டையை அறுத்துவிட்டுக் கைத்துப்பாக்கிக்கு இருப்பது போல வளைந்த பிடி வைத்துக்கொள்ளலாம், குழலிலும் ஒரு சாண் குறைக்கலாம் என்ற யோசனை இதனால்தான் வருகிறது. பட்டறையில் அரை நாள் வேலை. ஆனால் அதற்குச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை சாதாரணமானதல்ல.

1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 6-வது பிரிவு, அதற்கென்று தனி லைசென்ஸ் இல்லாமல் எந்தத் துப்பாக்கியின் குழலையும் குட்டையாக்கக் கூடாது என்கிறது. துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் இருக்கிறதே என்று சொல்லித் தப்ப முடியாது. வைத்திருக்கும் லைசென்ஸ் வேறு, குழலை அறுக்கும் லைசென்ஸ் வேறு. 2019-ல் செய்த திருத்தத்தில், ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதும் இந்தத் தடைக்குள் வந்துவிட்டது. தண்டனையும் கூடியது: குறைந்தது 7 வருடம், அதிகபட்சம் ஆயுள் சிறை, அபராதம் வேறு. லைசென்சே இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருப்பவருக்குக் குறைந்தபட்சத் தண்டனை 2 வருடம் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முறைப்படி லைசென்ஸ் வாங்கியவர் ஒரு ரம்பத்தால் அதைவிடப் பெரிய குற்றவாளியாகிவிடுகிறார்.

குழலுக்கு 20 அங்குலம் என்று ஓர் அளவும் உண்டு. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ ரவைத் துப்பாக்கி கேட்கிறவருக்கு, குழல் அதற்குக் குறையாமல் இருந்தால் லைசென்ஸ் தரலாம் என்று 13-வது பிரிவு சொல்கிறது. பயிர்க் காவலுக்கு முதலில் தரப்படுவது மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிதான். அது போதாது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் மட்டுமே மற்ற ரவைத் துப்பாக்கிக்கு வழி.

சரி, குழலைத் தொடாமல் கட்டையை மட்டும் மாற்றினால்? 6-வது பிரிவில் கட்டையைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் 5-வது பிரிவு, துப்பாக்கியை மாற்றி அமைப்பதையும் பழுது பார்ப்பதையும் தொழிலாகச் செய்ய லைசென்ஸ் வேண்டும் என்கிறது. ஏர்க் கொழு அடிக்கும் ஊர்க் கொல்லரிடம் அந்த லைசென்ஸ் இராது. சகாயத்துக்குச் செய்து கொடுத்தவரையும் வழக்கு இழுத்துக்கொள்ளும். கட்டை போய்க் கைப்பிடி வந்த துப்பாக்கி இப்போது எந்த வகை என்ற கேள்வி எழுந்தால், அதற்குப் பதில் தேட வேண்டிய இடம் கோர்ட்டுதான்.

சினிமாவில் பார்க்கிறோமே என்பார்கள். துப்பாக்கி மலிந்த அமெரிக்காவிலேயே இதற்கு அளவு இருக்கிறது. 1934-ல் வந்த மத்திய சட்டப்படி, ரவைத் துப்பாக்கியின் குழல் 18 அங்குலத்துக்குக் குறைந்தாலும், வெட்டிச் சிறிதாக்கியதன் மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். கட்டையை அறுத்தால் மொத்த நீளம் குறையும் அல்லவா? கைப்பிடி வைப்பவர்கள் அங்கே மாட்டிக்கொள்வது அந்த இரண்டாவது கணக்கில்.

சட்டம் இருக்கட்டும், கட்டை எதற்காக இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். அந்த உதையைத் தோள் வாங்கிக்கொள்ளும்படி அமைந்ததுதான் பின்கட்டை. கன்னத்தை அதில் பதித்தால்தான் குறியும் பார்க்க முடியும். வெறும் பிடி என்றால் உதை முழுவதும் மணிக்கட்டுக்குப் போகிறது. இடுப்பில் வைத்து, இருட்டில், குறி பார்க்காமல் சுடுகிற ரவை எங்கே போகும்? அடுத்த காட்டுப் பரணிலும் ஓர் ஆள் காவல் இருக்கிறார். குழலும் குட்டையானால், மருந்து முழுவதும் எரியுமுன்பே ரவை வெளியேறிவிடும். தீயும் சத்தமும் கூடும், வேகம் குறையும்.

பயிர்க் காவல் லைசென்ஸ் கையில் இருப்பதாலேயே பன்றியைச் சுட்டுவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியானாலும் அதிகாரமுள்ள வன அதிகாரியின் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். மயில் விஷயத்தில் பயிர்ச்சேதத்தைக் காரணம் காட்டி அந்த உத்தரவும் வாங்க முடியாது.

நீளம்தான் தொல்லை என்றால் தோளில் மாட்ட ஒரு தோல் வார் போதும். கட்டை வெடித்திருந்தாலோ ஆளுக்குப் பொருந்தாமல் இருந்தாலோ, பழுது பார்க்க லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். லைசென்ஸ்தாரர் நேரில் போக முடியாவிட்டால், பழுது பார்க்க இன்னாரிடம் கொடுத்தனுப்புகிறேன் என்று கையெழுத்திட்ட கடிதத்துடன் வேறொருவர் எடுத்துச் செல்ல 3-வது பிரிவு இடம் தருகிறது. கடிதம் இல்லாமல் மகனிடமோ பண்ணையாளிடமோ கொடுத்தனுப்பக் கூடாது. துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண்ணை அரம் போட்டு அழிப்பது தனிக் குற்றம் என்பதால், துரு எடுக்கும்போது அந்த இடத்தில் கவனம் தேவை.

தகப்பனார் காலமான பிறகு அவர் துப்பாக்கி வீட்டு மூலையில் கிடப்பதும் பல ஊர்களில் உண்டு. வாரிசுகள் அதைத் தாமதமில்லாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, அதன் பிறகு தங்கள் பெயருக்கு மனுப் போடலாம். ஏற்கெனவே யாரோ குழலை அறுத்துவைத்த துப்பாக்கி வாரிசுக்கு வந்திருந்தால், ஒப்படைக்கும் முன் ஒரு வக்கீலைக் கலந்துகொள்வது நல்லது.