கடிகாரம் காட்டாத தடை

கடன் விண்ணப்பத்தை ஆராயும்போது இன்றைய கையிருப்பை மட்டுமின்றி நாளைய வருவாயையும் நாம் கணிக்கிறோம். விளையாட்டுத் திறமையைத் தேடுவோரின் பணியும் அத்தகையதே. 2016இல் துரோணாச்சார்யா விருது பெற்ற ஹைதராபாத் தடகளப் பயிற்சியாளர் நாகபுரி ரமேஷ் இதற்குச் சான்று.

2019இல் கம்மத்தில் நடைபெற்ற மாநிலப் போட்டியில் ஒரு சிறுமியின் ஓட்டம் அவரைக் கவர்ந்தது. அவர் தீப்தி ஜீவன்ஜி. வாரங்கல் மாவட்டத்துக் கல்லெடா கிராமத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்களின் மகள். மகளை ஹைதராபாத்துக்கு அனுப்புமாறு ரமேஷ் கேட்டபோது, பெற்றோரிடம் பேருந்துக் கட்டணத்துக்கும் பணமில்லை. அவர் விட்டுவிடவில்லை, வரவழைத்துப் பயிற்சி அளித்தார். இறகுப்பந்து வீரர் கோபிசந்தின் ஆலோசனைப்படி தீப்திக்கு அறிவுசார் குறைபாட்டுப் பரிசோதனை செய்யப்பட்டது. பாரா தடகளத்தின் வாயில் திறந்தது.

2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் 400 மீட்டரை 55.07 விநாடிகளில் கடந்து, உலக சாதனையுடன் தங்கம் வென்றார் தீப்தி. செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலமும் கிட்டியது.

கடிகாரம் வேகத்தைக் காட்டும்; பேருந்துக் கட்டணத்தைக் காட்டாது. விண்ணப்பத்தில் எழுதப்படாததையும் கேட்டறிய நாமும் கடமைப்பட்டுள்ளோம்.