எல்லை தாண்டினால் வெளுத்துள்ளி!

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகும் பாதையில் கோவிந்தாபுரத்தைத் தாண்டியதும் வெள்ளைப்பூண்டு 'வெளுத்துள்ளி' ஆகிவிடுகிறது. பெயர்தான் வேறு, குணம் ஒன்றே.

அறுசுவையில் புளிப்பு ஒன்று மட்டும் இல்லாததால் ஆயுர்வேதத்தில் இதற்கு 'ரசோனம்' என்று பெயர். கேரள வைத்தியர்கள் போற்றும் அஷ்டாங்க ஹிருதயம் இதைக் காயகல்ப மருந்துகளில் சேர்த்து, வாதத்துக்கு நல்லது என்கிறது. வாயுத் தொல்லைக்கு, உரித்த பல்லைப் பாலும் தண்ணீரும் விட்டு, தண்ணீர் வற்றக் காய்ச்சிக் கொடுப்பார்கள். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குத் தரும் பூண்டுப்பாலும் இந்த வகைதான்.

இடுக்கி மாவட்டத்துக் காந்தளூர், வட்டவடைப் பூண்டுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல் சிறிது, காரம் பெரிது. பயிரிடுவோரில் தமிழர் பலர்.

லீவு போட்டு ஆஸ்பத்திரியில் காத்திருக்க முடியாமல், ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டுப் பச்சைப் பூண்டு தின்பவர்கள் உண்டு. இது ஆபத்து. பூண்டு ரத்த அழுத்தத்தைச் சிறிதளவு குறைக்கலாம், மாத்திரைக்கு ஈடாகாது. பித்தம் மிகுந்தவர்களுக்கு ஆகாது என்று ஆயுர்வேதமே சொல்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோரும் ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்களும், பூண்டை மருந்தாகத் தின்னுமுன் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ரசத்தில் தட்டிப் போடும் நாலு பல்லுக்கு யாரும் பயப்பட வேண்டாம்.