ஒத்திகையே கிடையாது... விடிய விடிய 'வள்ளி திருமணம்'!

விருதுநகர்,

பங்குனி, சித்திரை பொங்கல் வந்து விட்டால் விருதுநகர், சிவகாசி வட்டார கிராமங்களில் 'வள்ளி திருமணம்' நாடகம் களைகட்டும். பகலெல்லாம் பட்டாசு, தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தவர்கள் ராத்திரி பாயோடு வந்து இடம் பிடித்து விடுவார்கள்.

முருகன் வேடனாகவும், கிழவனாகவும் வந்து தினைப்புனத்தில் வள்ளியை மயக்கிய கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை பாட்டும், தர்க்கமுமாக மேடைக்கு எழுதிக் கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). கதை பழசு, பேச்சு புதுசு. பபூன் மேடை ஏறினால் விலைவாசி முதல் ஊர் வம்பு வரை கிண்டல்தான்.

இதற்கு ஒத்திகையே கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர். அன்று இரவுதான் சந்திப்பார்கள். பாட்டும், கதையும் மனப்பாடம் என்பதால் ஆர்மோனியத்தை பிடித்துக்கொண்டு சமாளித்து விடுவார்கள். நடிகர்களை தனித்தனியாக பேசி அழைப்பதால் 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர்.

திருவிழா சீசன் சம்பாத்தியத்தில்தான் இவர்களுக்கு வருஷம் முழுக்க கஞ்சி. 2020 மார்ச் 24-ந்தேதி நள்ளிரவு ஊரடங்கு வந்தது சரியாக பங்குனியில். சீசன் தொடங்கும்போதே மேடை இருண்டது. 2021 ஏப்ரலிலும் திருவிழாக்களுக்கு தடை.

அதனால் ஊர் கமிட்டி ஒரு நாடகம் வைத்தால் அது சாமிக்கு மட்டும் இல்லை. சில வீடுகளில் அடுப்பு எரியவும்தான்.